மாதனூர் சவுரியம்மாளின் வயிற்றெரிச்சல்

சவுரியம்மாளுக்கு வயிற்றெரிச்சல் என்று ஒன்று உண்டு என்பது முப்பது வயது வரைக்கும் அவளுக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் ஓடு போட்டபோது இவள் வீட்டில் ஓலைதான். கூடப் படித்தவள் டீச்சர் வேலைக்குப் போனபோது இவள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் ஓரத்தை மடித்துச் சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்தது கிடையாது. சிரித்துவிட்டுப் போகிற பொம்பளை. அப்படிப்பட்டவளைக் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற ஒரு மனுஷனுக்கு உடம்பு தேறியதுதான் பிடித்து ஆட்டியது. ஒருத்தன் குணமானதற்காக இன்னொருத்தி வயிறு எரிவாளா என்றால், எரிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் எரிந்தது.

அவள் புருஷன் கன்னியப்பன் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் ஷேவிங் மிஷின் ஓட்டினான். ஈரத் தோலை உருளைக் கத்திக்கு நேராகப் பிடித்து ஒரே கனத்துக்குச் சீவி எடுக்கிற வேலை. கை ஒரு நூல் பிசகினால் தோலும் போச்சு, விரலும் போச்சு. பத்து வருஷத்தில் ஒரு தோல்கூட அவன் ஓட்டை போட்டதில்லை என்று மேஸ்திரியே சொல்வார். அதிகம் பேசமாட்டான். கல்யாணமான புதிதில் ஊமையைக் கட்டிக்கொண்டோமோ என்று சவுரியம்மாள் யோசித்ததுண்டு.

எழுபத்தாறு கோடையில் அந்த ஊமை பேச ஆரம்பித்தான். விடிய விடியப் பேசினான். தூக்கம் கிடையாது, சோறு கிடையாது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு தேஜஸ். கம்பெனி பஸ்ஸில் வந்த அத்தனை பேரையும் மாதனூரில் இறக்கி, "எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாங்க, பிரியாணி!" என்று கூட்டி வந்துவிட்டான். வீட்டில் அரிசியே ஒரு படிதான் இருந்தது. மறுநாள் சவுரியம்மாளின் தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு போய், பாலாற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு வந்தான். கேட்டால், "பாவம்டி, அவளுக்கு யாரு இருக்காங்க?" என்றான். ஆறு வாரம் இந்தக் கூத்து. அப்புறம் ஒருநாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். நாலு மாசம் அந்தச் சுவரைத் தவிர வேறொன்றையும் அவன் பார்க்கவில்லை. குளிப்பாட்டப் போனால் கண்ணில் தண்ணீர் மட்டும் வரும், பேச்சு வராது.

மாமியார் தாயாரம்மாள் அம்மன் கோயிலுக்கு நடந்தாள், மருமகள் மாதா கோயிலுக்கு நடந்தாள். மந்திரித்த கயிறு ஒரு கையில், ஜெபமாலை மறு கையில் என்று அவன் கிடந்தான். எழுந்தான், மறுபடி பேசினான், மறுபடி படுத்தான். இப்படியே மூன்று வருஷம். எழுபத்தொன்பதில் அவன் மூன்றாம் தடவை பேச ஆரம்பித்தபோது, ஷூ கம்பெனி சூப்பர்வைசர் கலீமுல்லா பாய்தான் அவளைக் கூப்பிட்டு, "தாயத்து கட்னது போதும்மா. பாகாயம் இட்னு போ. லீவு நான் பாத்துக்கறேன்" என்றார்.

வேலூரை ஒட்டியிருக்கிற பாகாயம் மனநல ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கி, சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சவுரியம்மாள் ஸ்டவ்வும் சட்டியுமாகப் போய் இறங்கியபோது, பக்கத்து அறை வாசலில் ஒரு சின்னப் பெண் குத்துக்காலிட்டு அழுதுகொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குடியாத்தத்துக் கமலவேணி. உள்ளே அவள் புருஷன் வீரபாகு, குடியாத்தத்திலிருந்து மெட்ராஸ் வரைக்கும் நீளமாக ஒரே லுங்கி நெய்யப் போவதாக உரக்க அறிவித்துக்கொண்டிருந்தான். இந்த அறையிலிருந்து கன்னியப்பன், "கரை இன்னா கலரு?" என்று கேட்டான். இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அழவேண்டிய நேரத்தில் சிரித்தார்கள்.

அப்படி ஒட்டிய சிநேகிதம். அவள் இவளை அக்கா என்றாள். மண்ணெண்ணெய் தீர்ந்தால் அங்கே, புளி தீர்ந்தால் இங்கே. ஒரே வயசுப் புருஷன்கள், ஒரே வியாதி. டாக்டரம்மா ஒரே நாளில் இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரையை ஆரம்பித்தார். லித்தியம் என்று பேர். ஏறுவதையும் அடக்கும், இறங்குவதையும் தாங்கும், ஆனால் அளவு தப்பக்கூடாது, மாசாமாசம் வந்து ரத்தம் கொடுக்கவேண்டும் என்றார்.

ஐந்தாவது வாரம் வீரபாகு லுங்கியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினான். ஆறாவது வாரம் வெளியே வந்து, "அக்கா, உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றான். ஏழாவது வாரம் ஊருக்குப் போய்விட்டான். கன்னியப்பன் பேசிக்கொண்டே இருந்தான்.

அன்றைக்குத்தான் அவள் வயிறு முதல் தடவையாக எரிந்தது. கமலவேணி மூட்டை கட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் சிரிப்பாக, "நீயும் சீக்கிரம் வந்துருவக்கா" என்று கையைப் பிடித்தபோது சவுரியம்மாளுக்கு அந்தக் கையை உதறவேண்டும் போல இருந்தது. ஏன் இவளுக்கு? எனக்கு ஏன் இல்லை? நான் இன்னா பாவம் செஞ்சேன், இவ இன்னா புண்ணியம் செஞ்சா? சின்னப் பிள்ளை மாதிரி அதே கேள்வியைப் போட்டுக் குடைந்தாள்.

கன்னியப்பனும் ஒருவழியாக வீடு வந்தான். மாத்திரை அவனுக்கும் பாதி கேட்டது. மீதிப் பாதிக்கு, வருஷத்துக்கு இரண்டு தடவை ஏறவும் செய்தான், இறங்கவும் செய்தான். அதைவிடக் கொடுமை, அந்த மாத்திரையாலேயே கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற கையை ஷேவிங் மிஷின் பக்கம் யார் விடுவார்கள்? பச்சைத் தோலில் அப்பி வருகிற உப்பை உதறித் தட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேஸ்திரியே புகழ்ந்த கை அது. வீட்டுக்கு வந்தால் அவன் அந்தக் கையை மடியில் வைத்து மறு கையால் மூடிக்கொள்வான்.

மாசத்துக்கு ஒரு வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை. காலை மாத்திரை போடாமல் வரவேண்டும். இரண்டு குடும்பமும் ஒரே பெஞ்சில் உட்காரும். வீரபாகு வெள்ளைச் சட்டையும் புதுக் கரை வேட்டியுமாக வருவான். கமலவேணி தலை நிறையக் கனகாம்பரம். அவன் அவளிடம் மெதுவாக ஏதோ சொல்வான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இந்தப் பக்கம் சவுரியம்மாள் பார்க்காத மாதிரி எல்லாவற்றையும் பார்ப்பாள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று ரிசல்ட் வரும். இவனுக்கும் பாயிண்ட் ஏழு, அவனுக்கும் பாயிண்ட் ஏழு. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரே மாத்திரை, ஒரே நம்பர். பிறகு எங்கே இடிக்கிறது? நல்ல மாத்திரையைக் குடியாத்தத்துக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, மட்டமானதை நம் தலையில் கட்டுகிறார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மாசம் வெட்கத்தை விட்டு, "உங்க மாத்திரைல பத்து குடு, எங்களுதுல பத்து எடுத்துக்கோ" என்று கேட்டு மாற்றி வாங்கிக்கொண்டாள். பத்து நாள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கமலவேணி ஏன் என்று கேட்கவில்லை, ஆனால் அவளுக்குப் புரியாமல் இல்லை.

இதற்கு நடுவில் மாமியார் ஒரு காரியம் செய்தாள். இவ்வளவு வீரியமான மருந்து சாப்பிடுகிறவன் பத்தியம் இல்லாமல் இருக்கலாமா? உப்பும் புளியும் உள்ளே போனால் மருந்து முறிந்துவிடாதா? அதனால்தான் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று அவளாகவே முடிவுகட்டி, உப்பில்லாமல் சமைத்துப் போட்டாள். மருமகளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாட்டு வைத்தியரிடம் போனால் முதலில் சொல்வதே அதுதானே. ஆறு நாளில் கன்னியப்பன் வாந்தி எடுத்தான், நடை தள்ளாடியது, நாக்குக் குழறியது. பாகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவளைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்த மருந்துக்குப் பத்தியமே கிடையாதும்மா. உப்பக் குறைச்சா மருந்து வெளிய போகாது, ரத்தத்துலயே தங்கிடும். தங்கினா அது விஷம். ஆளையே கொன்னுடும். எப்பவும் போல உப்பு போட்டுச் சமைக்கணும், நிறைய தண்ணி குடிக்கணும். ஆரம்பத்துலயே சொன்னனே, மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தாள். இந்தத் தடவை அது நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி பதிந்தது.

எண்பத்திரண்டு, சித்திரை மாசம். ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது கமலவேணி நெருங்கி வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அடுத்த மாசம் நாங்க வரமாட்டோம். சோளிங்கருக்குப் போறோம். இவரு பைத்தியமா இருந்தப்ப நான் வேண்டிக்கிட்டது. நல்லபடியா ஆனா ரெண்டு பேரும் மலையடிவாரத்துல ஒரு மண்டலம் தங்கி, தெனமும் குளத்துல முழுகி, மலையேறி, உப்பில்லாத சோறு சாப்பிடறதா. நாளைக்கு ஆரம்பிக்கிறோம். நாப்பத்தெட்டு நாளு."

சவுரியம்மாள் வாயைத் திறந்தாள்.

"மாத்திரை?" என்றாள்.

"அது பாட்டுக்கு அது. மாத்திரைய ஒரு வேளைகூட விடமாட்டாரு. டாக்டரு ஆரம்பத்துல என்னென்னவோ சொன்னாங்களாம், அன்னிக்கு எங்க மச்சாண்டாரு, இவரு அண்ணன்தான கூட இருந்தாரு, அவரு வந்து மாத்திரைய மட்டும் விடாதன்னு சொன்னாரு." கமலவேணி புருஷன் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "சாமிதான்க்கா எனக்கு இவர திருப்பிக் குடுத்துச்சு. நீயும் ஏதாவது வேண்டிக்கோயேன். உன் வேண்டுதல்ல ஏதோ கொறை இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தைதான். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்கள் இப்படித்தான் யோசிக்காமல் பேசுவார்கள். ஆனால் சவுரியம்மாள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். விழட்டும் என்று நினைத்தாள். ஒரு தடவை விழுந்து எழுந்திருக்கட்டும், அப்போது தெரியும் யார் வேண்டுதலில் குறை என்று. கன்னியப்பன் ஆறு நாளில் விழுந்து, ஒரு வாரத்தில் எழுந்துவிடவில்லையா? செத்தா போய்விட்டான்? இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கம்பெனியில் ஒட்டுகிற இடத்தில் உட்கார்ந்தால் தோலின் மேல் கை ஓடும், மனசு சோளிங்கரில் நிற்கும். இன்றைக்கு மூன்றாம் நாள். இன்றைக்கு ஆறாம் நாள். இன்றைக்குக் கை நடுங்கும். சித்திரை வெயிலில் ஆயிரத்துச் சொச்சம் படி ஏறினால் உடம்பில் இருக்கிற உப்பும் வேர்வையாகப் போய்விடும் என்பதுகூட அவளுக்குத் தோன்றியது. தோன்றியும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் வேலை செய்த தில்ஷாத், "இன்னாக்கா, சொல்யூஷன தோல்ல தடவறத வுட்டுட்டு டேபிள்ல தடவினு இருக்கே" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

பதினோராம் நாள் சாயங்காலம். கன்னியப்பன் அப்போது நடுவாந்தரத்தில் இருந்தான், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி, "வீரபாகு எப்டி இருக்கான்?" என்று கேட்டான்.

"அவனுக்கு இன்னா கேடு? ஜோரா இருக்கான்."

"இருக்கட்டும்" என்றான். "அவன் நல்லா இருக்கறான்றதுதான் எனக்குத் தெம்பே. நானும் அவனும் ஒண்ணாத்தான உள்ள போனோம். அவனுக்கு ஒரு மாத்திரை கரெக்டா உக்காந்துச்சின்னா, எனக்கும் எங்கனா ஒண்ணு இருக்கும்ல? அவனுக்கும் இல்லன்னு ஆச்சின்னா நான் எதப் புடிச்சினு இருப்பேன் சொல்லு."

சவுரியம்மாள் தட்டைத் தள்ளி வைத்தாள். நோயாளி இவன். கை போனது இவனுக்கு. பொறாமைப்பட உரிமை யாருக்காவது இருந்தால் அது இவனுக்குத்தான் இருக்கிறது. இவன் அந்த மனுஷனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நான் அவனைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

விடிந்ததும் முதல் பஸ். வேலூரில் மாறிச் சோளிங்கர் போய்ச் சேர உச்சி வெயிலாகிவிட்டது. குளத்தங்கரை மண்டபத்தில் கூட்டமாக நின்றார்கள். நடுவே ஈரத் துணியோடு வீரபாகு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க, எச்சில் வழிய, ஏதோ குழறிக்கொண்டிருந்தான். "புடிச்சது விடுது, அப்படித்தான் ஆடும், பயப்படாதம்மா" என்று ஒரு கிழவர் தைரியம் சொல்ல, கமலவேணி பயமும் பக்தியுமாகக் கைகூப்பி நின்றாள்.

சவுரியம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். "கமலா, இது சாமி இல்ல. மாத்திரை விஷமாய்டுச்சி. உப்பு இல்லாததால. இப்பவே பாகாயம் தூக்கினு போவணும்!"

கமலவேணி திரும்பினாள். அவள் முகம் அப்படியே மாறியது.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"சொல்றதக் கேளு..."

"எனக்குத் தெரியும்க்கா. உன் கண்ணு எங்க மேலதான்னு எனக்கு எப்பவோ தெரியும். மாத்திரைய மாத்திக் கேட்டியே, அன்னிக்கே தெரியும். வயிறெரிஞ்சே, எரிஞ்சிட்டுப் போன்னு விட்டேன். இப்ப விரதத்தக் கெடுக்க மாதனூர்லருந்து பஸ்ஸு ஏறி வந்திருக்கே!"

கூட்டம் சவுரியம்மாளை ஒருமாதிரி பார்த்தது. யாரோ, "கண்ணு வெச்சவள மொதல்ல வெளிய அனுப்புங்க" என்றார்கள். அழுது பார்த்தாள், மாதா மேல் சத்தியம் பண்ணினாள். ஒன்றும் எடுபடவில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை, ஆனால் பொறாமைக்காரி வாயிலிருந்து வந்த உண்மை. வீரபாகு அதற்குள் தரையில் சாய்ந்துவிட்டான்.

கடைசியில் அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் போட்டு உடைத்தாள்.

"ஆமாண்டி! வயிறு எரிஞ்சிதான்!" என்று கத்தினாள். "உன் புருஷன் தேறிட்டான், என் புருஷன் தேறலன்னு நான் செத்தேன். நீ பூ வெச்சினு சிரிச்சா எனக்கு எரியும். அன்னிக்கு பெஞ்சில நீ உப்பில்லாத சோறுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும், இது நடக்கும்னு. என் வீட்ல நடந்திச்சி, டாக்டரம்மா சொன்னாங்க. தெரிஞ்சேதான் வாய மூடினு போனேன். அவன் வுழணும்னுதான் போனேன். பன்னெண்டு நாளு! கெடுக்க வந்தவ இதச் சொல்லுவாளா? இப்ப என்ன அடி, கொல்லு, அப்பறம் பண்ணு. மொதல்ல அவனத் தூக்கு!"

கமலவேணி நம்பினாள். இப்படி ஒரு அசிங்கத்தை நாலு பேர் முன்னால் யாரும் இட்டுக்கட்டிச் சொல்லமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. சவுரியம்மாளின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் இவளாக வீரபாகுவைத் தூக்கி வாடகைக் காரில் போட்டார்கள். வழி முழுக்க ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

வீரபாகு பிழைத்தான். மூன்று வாரம் ஆனது. ஆனால் சிறுநீரகம் அடிபட்டுவிட்டது, இனி அந்த மாத்திரையை அவனுக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பொருந்தி உட்கார்ந்திருந்த ஒரே மருந்தும் போயிற்று. ஆறு மாசத்தில் அவன் மறுபடி ஏறினான். இப்போது இரண்டு குடும்பமும் சமம். சவுரியம்மாள் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டை மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணியும் இறக்கி வைக்க முடியவில்லை. பெஞ்சில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கமலவேணி எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவாள். பேச்சு அடியோடு நின்றது.

எண்பத்து நாலில் டாக்டரம்மா கன்னியப்பனுக்கு லித்தியத்தை நிறுத்திவிட்டு, வலிப்புக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையை ஆரம்பித்தார். "எம் புள்ளைக்கு எப்ப வலிப்பு வந்திச்சி?" என்று தாயாரம்மாள் சண்டைக்குப் போனாள். சவுரியம்மாளும் நம்பவில்லை. ஐந்து வருஷத்தில் எத்தனை மாத்திரை, எத்தனை ஊசி, எத்தனை நம்பிக்கை. ஆனால் இரண்டு மாசம் போயிற்று, ஆறு மாசம் போயிற்று, ஒரு சித்திரை வந்து போயிற்று. அவன் ஏறவில்லை, இறங்கவில்லை. நடுக்கமும் நின்றது. மேஸ்திரி ஒருநாள் சும்மா பார்ப்போம் என்று மிஷினில் நிறுத்திப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து அங்கேயே வரச் சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த மாசம் பாகாயத்தில் கன்னியப்பன் மருந்து கொடுப்பவரோடு நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். எதிர்ப் பெஞ்சில் கமலவேணி. பக்கத்தில் வீரபாகு, ஊசி போட்ட விறைப்பில், மரம் மாதிரி. அவள் கன்னியப்பனைப் பார்த்தாள், பிறகு சவுரியம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை யாரும் சவுரியம்மாளுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே பார்வையோடு அவளே அங்கே எத்தனை வியாழக்கிழமை உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு ஒரு கணம் இனிக்கத்தான் செய்தது. இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். ஒரு கணம்தான். எழுந்து நேரே கமலவேணி முன்னால் போய் நின்றாள். கமலவேணி நகரப் போனாள்.

"உக்காரு. உன்னைக் கொஞ்ச வரல. இவருக்குக் குடுக்கறது வலிப்பு மாத்திரை. அதுலதான் நின்னுச்சி. நீயா வாங்கிக் குடுத்துடாத, டாக்டரம்மாகிட்ட கேளு, அவருக்கு ஆவுமா ஆவாதான்னு அவங்க சொல்லுவாங்க. போன வாட்டி பன்னெண்டு நாளு லேட் பண்ணேன். இந்த வாட்டி, நெஜமாவே நின்னுச்சின்னு மேஸ்திரி அவர மிஷின்ல சேத்துக்கிட்டதுக்கு அப்பறம் வர்ற மொத வியாழக்கெழமையே சொல்லிட்டேன்."

கமலவேணி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு தலையைத் தூக்காமலேயே, அக்கா என்று கூப்பிடாமல், "பேரு இன்னா?" என்றாள்.

சவுரியம்மாள் மாத்திரையின் பேரைச் சொன்னாள். அவள் வாயில் நுழையும் வரைக்கும், எழுத்து எழுத்தாக, மூன்று தடவை சொன்னாள்.